அப்ரண்டிஸ் ஜாக்கின்னா யாரு? ஃபிராங்க் வூட்டன்ங்கற பையனை வச்சு ஒரு எளிய விளக்கம்

அப்ரண்டிஸ்னு சொன்னா நமக்கு ஐடிஐ முடிச்சுட்டு ஏதோ ஒரு கம்பெனியில ஸ்டைபண்ட் வாங்கிட்டு லேத் மிஷின் முன்னாடி நிக்கற பையன்தான் ஞாபகத்துக்கு வருவான். குதிரைப் பந்தயத்துலயும் அதே வார்த்தைதான், அர்த்தமும் அதேதான், தொழில் கத்துக்க வந்த பையன். ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. லேத்துல நிக்கறவனுக்கு வயசு ஏற ஏற கை தேறும், கூலியும் ஏறும். குதிரை மேல உக்கார்றவனுக்கு வயசு ஏற ஏற கை தேறும், கூடவே உடம்பும் ஏறும், உடம்பு ஏறினா வேலையே போயிடும். நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலாந்துல எத்தனையோ பசங்க பதினேழு பதினெட்டு வயசுலயே இப்படி வெளியே போயிருக்காங்க. அதுல ஒரு பையன் நாலு வருஷம் நாட்டுக்கே நம்பர் ஒன் ஜாக்கியா இருந்தான், இருபது வயசு ஆகறதுக்குள்ள அந்த ஓட்டம் முடிஞ்சுபோச்சு. அவன் கதை புரியணும்னா முதல்ல எடைங்கற விஷயம் புரியணும், அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இங்கிலாந்துல பந்தய எடையை ஸ்டோன், பவுண்டுன்னு ரெண்டு அளவுல சொல்லுவாங்க. 14 பவுண்டு சேர்ந்தா ஒரு ஸ்டோன், அது நம்ம கணக்குல 6 கிலோ 350 கிராம் வரும். பந்தயத்துல ஒவ்வொரு குதிரையும் எவ்வளவு சுமக்கணும்னு முன்கூட்டியே முடிவாயிடும். டெர்பி (அங்க ரொம்பப் பேர் போன பந்தயம்) மாதிரி பெரிய பந்தயத்துல எல்லா ஆண் குதிரைக்கும் ஒரே எடை, ரொம்ப காலம் அது 9 ஸ்டோனா, அதாவது 57 கிலோவா இருந்தது. ஆனா வருஷம் பூரா நடக்கற சாதாரண பந்தயங்கள்ல நிறைய ஹேண்டிகேப் பந்தயங்கள். ஹேண்டிகேப்னா என்னன்னா, போன பந்தயங்கள்ல நல்லா ஓடின குதிரைக்கு எடை அதிகம், சுமாரா ஓடினதுக்கு எடை கம்மி, அப்படிப் போட்டு எல்லாரையும் கிட்டத்தட்ட ஒரே கோட்டுக்குக் கொண்டு வர்றது. இந்த எடையைப் போடறதுக்குன்னே ஒரு அதிகாரி இருப்பார். அவர் கணக்கு ஒரு மைல் பந்தயத்துல சுமார் ரெண்டு பவுண்டுக்கு ஒரு குதிரை நீளம்னு போகும். அதாவது முதுகுல ரெண்டு பவுண்டு கூடினா கடைசிக் கோட்டுக்கு வரும்போது ஒரு குதிரையோட உடம்பு நீளத்துக்குப் பின்தங்கும்னு அர்த்தம். ஒரு கிலோ கூட இல்லாத எடைக்கு இவ்வளவு வித்தியாசமான்னு தோணும், ஆனா பந்தயங்கள் முடியறது பல தடவை ஒரு மூக்கு, ஒரு தலை வித்தியாசத்துலதான்.

இதுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் ஃபிரெட் ஆர்ச்சர். 1874ல இருந்து 1886 வரை 13 வருஷம் தொடர்ந்து இங்கிலாந்து சாம்பியன் ஜாக்கி. அவரும் பதினோரு வயசுல மாத்யூ டாசன்ங்கற டிரெய்னர்கிட்ட நியூமார்க்கெட்ங்கற ஊருக்கு அப்ரண்டிஸா போனவர்தான். வளர்ந்ததும் உயரம் 5 அடி 10 அங்குலம், ஜாக்கிக்கு அது ரொம்ப அதிகம். 1886ல கேம்பிரிட்ஜ்ஷயர் பந்தயத்துல செயின்ட் மிரின்ங்கற குதிரைக்குப் போட்ட எடை 8 ஸ்டோன் 6 பவுண்டு, அதாவது 53 கிலோ சொச்சம். அந்த எடைக்கு இறங்கறதுக்காக ஆர்ச்சர் பட்டினி கிடந்து, பேதி மருந்து குடிச்சு, என்னென்னமோ பண்ணியும் ஒரு பவுண்டு கூடவே இருந்தார். அந்த ஒரு பவுண்டோடதான் ஓட்டினார், ஒரு தலை வித்தியாசத்துல தோத்தார். அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல காய்ச்சல்ல படுத்து, அந்த நிலையிலேயே 29 வயசுல தன் உயிரைத் தானே எடுத்துகிட்டார். இதை நான் ஒரு தகவலா எழுதிட்டுப் போக முடியல, படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகும்.

சரி, இப்போ யோசிச்சுப் பாருங்க. 1900 வாக்குல ஹேண்டிகேப்ல அடிமட்டத்துல இருக்கற குதிரைக்கு 6 ஸ்டோன் வரைக்கும் இறங்கி எடை போடுவாங்க, அது 38 கிலோ. சேணம், பூட்ஸ், துணி எல்லாம் சேர்த்துதான் அந்த 38. அந்த எடைக்கு எந்தப் பெரிய மனுஷன் உக்கார முடியும்? சின்னப் பையன்தான் உக்கார முடியும். லாயங்களுக்குச் சின்னப் பசங்க தேவைப்பட்டதுக்கு அடிப்படைக் காரணம் இதுதான். குழந்தைங்க மேல பாசம் இருந்து கூப்பிடல, அவங்க உடம்பு லேசா இருந்தது, கூப்பிட்டாங்க.

ஏழை வீட்டுப் பையன், பன்னெண்டு பதிமூணு வயசு, எலும்பும் தோலுமா இருப்பான், பள்ளிக்கூடத்துல பெருசா பிடிப்பு இருக்காது, யாரோ ஒருத்தர் இவன் உயரத்துக்கு ஜாக்கியா போகலாமேன்னு சொல்லுவாங்க, அப்பா டிரெய்னர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவார், அஞ்சு வருஷம் ஏழு வருஷம்னு இருக்கும் அந்த ஒப்பந்தம். அந்தக் காலம் முடியற வரைக்கும் பையன் டிரெய்னரோட பொறுப்பு, சாப்பாடு, துணி, படுக்க இடம் அவர் குடுப்பார், பையன் சொன்ன வேலையெல்லாம் செய்யணும், வேற லாயத்துக்குப் போக முடியாது. விடியறதுக்கு முன்னாடி எழுந்து லாயத்துல சாணியை அள்ளி, வைக்கோலை மாத்தி, குதிரைக்குத் தண்ணி காட்டி, அப்புறம் இருட்டு பிரியும்போது வரிசையா குதிரைங்களை மைதானத்துக்கு ஓட்டிட்டுப் போகணும். திரும்பி வந்து ரெண்டாவது செட் குதிரைங்க. அப்புறம் உடம்பு தேய்க்கறது, பிரஷ் போடறது, சாயங்காலம் டிரெய்னர் வந்து ஒவ்வொரு குதிரையா காலைத் தொட்டுப் பாக்கும்போது பக்கத்துல நிக்கணும். இதுதான் தினம். பந்தயத்துல உக்கார்ற வாய்ப்பு பல பசங்களுக்கு வரவே வராது. குதிரை கழுவினபடியே ஒப்பந்தம் முடிஞ்சு வெளிய போனவங்கதான் அதிகம்.

பந்தயத்துல உக்காந்தா கிடைக்கற கூலியைச் சொல்லணும். தோத்தா 3 கினி, ஜெயிச்சா 5 கினி, இதுதான் அந்தக் காலத்துல ஜாக்கிக்கு வழக்கமான ரேட். ஒரு கினிங்கறது ஒரு பவுண்டு ஒரு ஷில்லிங். ஆனா அப்ரண்டிஸுக்கு அது முழுசா கைக்கு வராது, பாதி டிரெய்னருக்குன்னு வழக்கம். நான்தானே சோறு போட்டு கத்துக்குடுத்தேன்ங்கறது டிரெய்னர் பக்க நியாயம். அதுல கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்யுது, ஆனா நல்லா ஓட்டற ஒரு பையன் கிடைச்சா அவன் டிரெய்னருக்கு நல்ல வருமானம், அதையும் மறந்துடக் கூடாது.

இப்போ முக்கியமான பாயிண்ட், சலுகை எடை. அப்ரண்டிஸ் பையனுக்கு அனுபவம் இல்ல, அவனைவிட நல்ல ஜாக்கி அதே பந்தயத்துல இருக்கார், அப்புறம் எந்த முதலாளி தன் குதிரையைப் பையன்கிட்ட குடுப்பார்? அதனால ஒரு விதி வச்சாங்க. அப்ரண்டிஸ் ஓட்டினா அந்தக் குதிரைக்குப் போட்ட எடையில இத்தனை பவுண்டு கழிச்சுக்கலாம். அனுபவம் இல்லாததை எடையால சரிக்கட்டறது. இன்னிக்கு பிரிட்டன்ல இருக்கற விதிப்படி பையன் 20 பந்தயம் ஜெயிக்கற வரைக்கும் 7 பவுண்டு கழிவு, 50 ஜெயிக்கற வரைக்கும் 5 பவுண்டு, 95 வரைக்கும் 3 பவுண்டு, அதுக்கு மேல கழிவு கிடையாது, பெரிய ஆட்களோட சமமா நிக்கணும். காலத்துக்குக் காலம் எண்கள் மாறியிருக்கு, ஆனா யோசனை இதேதான். அமெரிக்காவுல அச்சடிச்ச பந்தயப் பட்டியல்ல அப்ரண்டிஸ் ஓட்டற குதிரையோட எடைக்குப் பக்கத்துல ஒரு சின்ன நட்சத்திரக் குறி போடுவாங்க, பாக்கறதுக்கு ஏதோ பூச்சி உக்காந்த மாதிரி இருக்கும், அதனால அங்க அப்ரண்டிஸுக்கு ‘பக்’ பையன்னே பேரு, பக்னா பூச்சி.

மேல சொன்ன கணக்கை இங்க போட்டுப் பாருங்க, 7 பவுண்டு கழிவுன்னா ஒரு மைல்ல மூணு நீளத்துக்கும் மேல இலவசமா கிடைச்ச மாதிரி. அதனால திறமையான அப்ரண்டிஸ் ஒருத்தன் கிடைச்சுட்டா டிரெய்னர்கள் அவன் பின்னாடி ஓடுவாங்க, ஒரு நாளைக்கு நாலஞ்சு பந்தயத்துல உக்கார வைப்பாங்க. ஆனா எவ்வளவு வேகமா ஜெயிக்கறானோ அவ்வளவு வேகமா அந்தக் கழிவு தீர்ந்துபோகும். கழிவு தீர்ந்த மறுநாள் அதே பையன், அதே கை, அதே கால், ஆனா கூப்பிட ஆள் குறையும். அது பெரும்பாலும் பதினாறு பதினேழு வயசுல நடக்கும், பையன் மளமளன்னு வளர்ற வயசும் அதேதான். பந்தய சீசன் மார்ச்சுல ஆரம்பிச்சு நவம்பர்ல முடியும், நடுவுல குளிர்காலம், அந்த மூணு நாலு மாசம் கழிச்சு மார்ச்சுல தராசுல ஏறி நின்னா முள்ளு எங்கயோ போய் நிக்கும். வளர்ற வயசுல வளர்றது ஒரு குத்தமா சொல்லுங்க?

இதெல்லாம் தெரிஞ்சுகிட்டு ஃபிராங்க் வூட்டனைப் பாருங்க. 1893 டிசம்பர்ல சிட்னியில பொறந்தவன். அப்பா ரிச்சர்ட் வூட்டன், குதிரை டிரெய்னர், ரொம்பக் கறாரான ஆளு. பையன்கிட்ட திறமை இருக்குன்னு அப்பாவுக்கு ரொம்பச் சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு, ஆனா ஆஸ்திரேலியாவுல அவ்வளவு சின்னப் பையனைப் பந்தயத்துல விட மாட்டாங்க. அதனால குடும்பத்தைக் கூட்டிட்டு தென்னாப்பிரிக்காவுக்குப் போனார், அங்க வயசைப் பத்தி அவ்வளவு கெடுபிடி இல்ல. பத்து வயசு முடியறதுக்கு முன்னாடியே ஃபிராங்க் முதல் பந்தயத்தை ஜெயிச்சான். பத்து வயசு கூட ஆகாத குழந்தை, அரை டன் எடை உள்ள மிருகத்து மேல, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல, மத்த பெரியவங்களோட நடுவுல. இதைப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியத்தைவிட பயம்தான் வந்துச்சு, நம்ம வீட்டுல நாலாவது படிக்கற பையனை ஒரு நிமிஷம் அந்த இடத்துல வச்சுப் பாத்தா தெரியும்.

1906ல குடும்பம் இங்கிலாந்துக்கு வந்து எப்சம்ல, டெர்பி நடக்கற அதே ஊர்ல, லாயம் போட்டுச்சு. அந்த வருஷமே பன்னெண்டு வயசு ஃபிராங்க் இங்கிலாந்துல ஜெயிக்க ஆரம்பிச்சான். அவனுக்கு டிரெய்னர், வாத்தியார், முதலாளி எல்லாமே அப்பாதான். மத்த அப்ரண்டிஸ் பசங்க மாதிரி வாய்ப்புக்குக் காத்துக் கிடக்க வேண்டிய நிலைமை அவனுக்கு இல்ல, அதை மறைக்காம சொல்லணும். ஆனா அப்பா குடுத்த வாய்ப்பு மட்டும் யாரையும் சாம்பியன் ஆக்காது, அதையும் சொல்லணும்.

அவன் எப்படி ஓட்டினான்ங்கறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. அவனுக்குப் பத்து வருஷம் முன்னாடி 1897ல டாட் ஸ்லோன்ங்கற அமெரிக்க ஜாக்கி இங்கிலாந்துக்கு வந்திருந்தார், அதுவரைக்கும் இங்கிலாந்து ஜாக்கிங்க காலை நீட்டி, முதுகை நிமித்தி, நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காருவாங்க. ஸ்லோன் அங்கவடியைக் குட்டையா வச்சு, குதிரையோட கழுத்துப் பக்கம் குனிஞ்சு, குரங்கு தொத்திகிட்ட மாதிரி உக்காருவார். முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க, அப்புறம் அவர் ஜெயிக்கறதைப் பாத்து அதையே எல்லாரும் பழகிகிட்டாங்க. ஃபிராங்க் கத்துக்கும்போதே இந்த உக்கார்ற முறைதான் கத்துகிட்டான், மறக்க வேண்டிய பழைய பழக்கம் எதுவும் அவனுக்கு இல்ல.

அடுத்தது உள் வேலி. பந்தயப் பாதை வளைவுல திரும்பும்போது உள்பக்க வேலியை ஒட்டிப் போறவனுக்குத் தூரம் கம்மி. அரை வட்டமா ஒரு திருப்பம்னு வச்சுக்குங்க, வேலியில இருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போனா கூட மூணு மீட்டருக்கு மேல அதிகமா ஓடணும், அதுவே ஒரு குதிரை நீளத்துக்கு மேல. ஏழு பவுண்டு கழிவு குடுக்கற லாபத்துல ஒரு பங்கை வேலியை ஒட்டிப் போறதே குடுத்துடும், அதுக்கு விதிப்புத்தகத்துல எந்த சலுகையும் வேண்டாம். ஆனா அங்க இடம் குறுகல், முன்னாடி போற குதிரை தளர்ந்தா அடைச்சுக்கும், பக்கத்துல இருக்கறவன் நெருக்கினா வேலியில போய் மோதணும், கால் போகும். அனுபவசாலிங்களே தயங்கற அந்த இடுக்குல ஃபிராங்க் புகுந்து வருவான், அதுக்குத்தான் அவன் பேர் போனவன்.

1909 சீசன்ல 165 ஜெயிச்சு பிரிட்டனோட சாம்பியன் ஜாக்கி ஆனான். வயசு 15. அவ்வளவு சின்ன வயசுல அந்தப் பட்டத்தை அதுக்கு முன்னாடி யாரும் வாங்கல. (அப்ரண்டிஸா இருக்கும்போதே சாம்பியன் ஆனவர் அதுக்கு நாலு வருஷம் முன்னாடி ஒருத்தர் இருந்தார், எலைஜா வீட்லி, 1905ல 124 வெற்றி.) அதே 1909ல பெரோலாங்கற பெண் குதிரையில ஓக்ஸ் பந்தயம் ஜெயிச்சான், மூணு வயசுப் பெண் குதிரைங்களுக்கு அதுதான் டெர்பி மாதிரி. அடுத்த வருஷம் 137 வெற்றி, மறுபடி சாம்பியன், கூடவே டான்காஸ்டர்ங்கற ஊர்ல நடக்கற செயின்ட் லெஜர்ங்கற பெரிய பந்தயமும். அந்தப் பந்தயத்துல லார்டு டெர்பிங்கற பிரபுவோட ஸ்வின்ஃபோர்டுங்கற குதிரை, அந்த வருஷம் எப்சம் டெர்பி ஜெயிச்ச லெம்பர்கையும் தாண்டி வந்துச்சு, மேல இருந்தது 16 வயசுப் பையன். இந்த மாதிரி பெரிய பந்தயத்துல அப்ரண்டிஸ் கழிவு செல்லாது, எல்லாருக்கும் ஒரே எடை. லேசான பையனுக்கு அங்க நிலைமை தலைகீழ், எடை பத்தாம சேணத்துக்கு அடியில இருக்கற துணியோட பையில ஈயத் தகடு வச்சு கனம் ஏத்தணும். ஈயம் செத்த எடை, அசையாம அப்படியே கிடக்கும், உயிருள்ள ஜாக்கியோட எடை குதிரையோட சேர்ந்து அசையும், அதனால ஈயம் நிறைய போட்டு ஓட்டறது கஷ்டம்னு ஜாக்கிங்க சொல்லுவாங்க. ஆக அவன் வெறும் லேசுங்கறதால ஜெயிச்சான்னு யாரும் சொல்லிட முடியாது.

1911ல 187 வெற்றி, அதுதான் உச்சம். 1912ல 118, நாலாவது தடவையா சாம்பியன். 187ல இருந்து 118. எல்லாரும் கண்ணால பாத்துட்டு இருந்ததுதான், பையன் வளர்ந்துட்டான். 1913 வரைக்கும் இழுத்துப் பிடிச்சான். அந்த வருஷம் சாம்பியன் பட்டம் டேனி மாஹருக்குப் போச்சு, ஃபிராங்கோட சாதாரண தட்டைப் பந்தய (தடை எதுவும் தாண்டாம ஓடற பந்தயம்) வாழ்க்கையும் அதோட முடிஞ்சுபோச்சு. வயசு 19. நம்ம ஊர்ல அந்த வயசுல பசங்க காலேஜ் ரெண்டாவது வருஷம் படிச்சுட்டு, என்ன வேலைக்குப் போகலாம்னு இன்னும் முடிவு பண்ணாம இருப்பாங்க.

இது அவன் ஒருத்தனுக்கு மட்டும் நடந்ததில்ல. அமெரிக்காவுல வால்டர் மில்லர்னு ஒரு பையன், நியூயார்க் புரூக்ளின்காரன், 1890ல பொறந்தவன். 1906ல, பதினாறு வயசுல, ஒரே வருஷத்துல 388 பந்தயம் ஜெயிச்சான். முன்னாடி எந்த அமெரிக்க ஜாக்கியும் ஒரு வருஷத்துல முன்னூறைத் தொட்டதில்ல. அடுத்த வருஷம் 334. அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருஷத்துல எடை ஏறி அமெரிக்காவுல வாய்ப்பு வறண்டு, ஐரோப்பாவுக்குப் போய் ஓட்ட வேண்டிய நிலைமை. அந்த 388ஐ 1950ல ரெண்டு பேர் சமன் பண்ணினாங்க, ஜோ கல்மோன், பில் ஷூமேக்கர். 1952ல டோனி டெஸ்பிரிட்டோ 390 ஜெயிச்சுத்தான் அது உடைஞ்சுது. நாப்பத்தாறு வருஷம் நின்ன சாதனை, அதைப் பண்ணினவனோட நல்ல காலம் மூணு நாலு வருஷம்தான்.

எடை இல்லாம வேற வழியிலயும் முடியும். வில்லி லேன்னு ஒரு ஜாக்கி, 1902ல 170 வெற்றியோட இங்கிலாந்து சாம்பியன், 1904ல பிரிட்டி பாலிங்கற புகழ்பெற்ற பெண் குதிரையில மூணு கிளாசிக் பந்தயம் (ஓக்ஸ், செயின்ட் லெஜர் மாதிரி பெரிய பந்தயங்களுக்கு அப்படிப் பேரு) ஜெயிச்சார். அதே வருஷம் லிங்ஃபீல்டுல குதிரையில இருந்து விழுந்து பலமான அடி, அதோட ஜாக்கி வாழ்க்கையே முடிஞ்சுபோச்சு. அப்போ தலையில போட இன்னிக்கு மாதிரி ஹெல்மெட் கிடையாது, பட்டுத் தொப்பிதான்.

ஃபிராங்குக்குத் திரும்பி வர்றேன். முதல் உலகப் போர்ல மெசபடோமியாவுல, இன்னிக்கு ஈராக், அங்க ராணுவத்துல இருந்தான். போர் முடிஞ்சு வந்து தடை தாண்டற பந்தயங்கள்ல ஓட்டினான், அதுல குதிரைக்குப் போடற எடையே அதிகம், அதனால வளர்ந்த ஆளுக்கும் இடம் இருக்கும். அதுலயும் நல்லாத்தான் ஓட்டினான், ஆனா வேலியும் புதரும் தாண்டிக் குதிக்கற பந்தயம் அது, விழறது சகஜம், எலும்பு முறியறதும் சகஜம். அப்புறம் டிரெய்னரா கொஞ்ச காலம். 1933ல ஆஸ்திரேலியாவுக்கே திரும்பினார் (இப்போதான் ‘ர்’ போடத் தோணுது, அதுவரைக்கும் மனசுல பையனாவே இருந்தார்). 1940ல இறந்தப்போ வயசு 46.

தம்பி ஸ்டான்லி வூட்டன் எப்சம்லயே தங்கி லாயம் நடத்தினார். அப்ரண்டிஸ் பசங்களை உருவாக்கறதுல அவருக்குத் தனிப் பேரு. அவர்கிட்ட கத்துகிட்ட ஒருத்தர் சார்லி ஸ்மிர்க், ஒல்லியா பொறந்து ஒல்லியாவே இருந்த மனுஷன். 1934, 1936, 1952, 1958னு நாலு டெர்பி ஜெயிச்சார், கடைசி டெர்பி ஜெயிக்கும்போது வயசு 51. ஃபிராங்க் நாலு தடவை நாட்டுக்கே சாம்பியனா இருந்தும் டெர்பி ஒரு தடவை கூட ஜெயிக்கல, அவனுக்குக் கிடைச்சது அவ்வளவு சின்ன காலம்.

இன்னிக்கு பிரிட்டன்ல 16 வயசுக்குக் கீழ ஜாக்கி லைசென்ஸ் குடுக்கறதில்ல, குறைஞ்சபட்ச எடையையும் படிப்படியா ஏத்திட்டே வந்திருக்காங்க. அந்த விதி அப்போ இருந்திருந்தா ஃபிராங்க் தன் முதல் சாம்பியன் பட்டம் வாங்கின வருஷத்துல லாயத்துல பிரஷ் போட்டுட்டு இருந்திருப்பான். அவன் பேரை நாம கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம், அவனுக்கு அது நல்லதா இருந்திருக்குமா இல்லையான்னு நான் ரொம்ப நாளா யோசிச்சுட்டு இருக்கேன்.